கையுறை பதினாறு ஜோடி

முருங்கப்பாக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு
முகப்பில் நீரூற்று உண்டு.
வேண்டிக்கொண்டு சில்லறை போடுகிறார்கள்.
நான் உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால்
பில் போடுகிறேன்.

அறை வாடகை. நர்ஸ் கட்டணம்.
டாக்டர் வந்து பார்த்தது, காலை.
டாக்டர் வந்து பார்த்தது, மாலை.
கையுறை, பதினாறு ஜோடி.
ஒரே நாளைக்கு, ஒரே ஆளுக்கு.
எண்ணியது யார் என்று நான் கேட்டதில்லை.
மாடியிலிருந்து தாள் வரும்,
எண் என் விரலில் இறங்கும்.
கேட்பவர்களுக்குச் சொல்ல
ஒரு வாக்கியம் பழக்கியிருக்கிறார்கள்:
"சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது."

முன்பணம் தீர்கிற நாள்
நோயாளியின் மகளுக்கும் முன்னால் எனக்குத் தெரியும்.
அன்று மாலை சீட்டு எழுதுவார்கள்,
மேல்சிகிச்சைக்காக ஜிப்மருக்கு.
காசு தீர்ந்தவர்கள் போகும் இடத்துக்கு
மேல் என்று பெயர்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரைக்கு
கடலூர் துறைமுகத்தில்
என் அண்ணன் தேசிங்கின் காலில்
ஐஸ் பார் சரிந்தது.
"உங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டாரட்டுமா?"
போனில் அண்ணி.
நான் விலை தெரிந்தவள்.
"மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.
பிறகு வெகுநேரம் வாய் கொப்பளித்தேன்.

பஸ்ஸில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில்.
சரக்குக்காக அங்கிருந்து இங்கே வருகிறார்கள்.
வைத்தியத்துக்காக நான் அங்கே போகிறேன்.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
கண்டக்டர் சில்லறை இல்லையென்று கத்தினார்.

ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கை நீட்டினார், ஐம்பது.
எக்ஸ்ரே அறை வாசலில் எனக்கு முன் முப்பது பேர்.
முதல் ராத்திரி பாய்தான்.
அடுத்த ராத்திரி கட்டில், அதனடியில் குட்டி போட்ட பூனை.
ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால்
கொஞ்சம் யோசித்தது.

பத்து மணிக்கு வந்த டாக்டரை எனக்குத் தெரியும்.
எங்களிடம் மாலை ஆறுக்கு வருபவர்.
அங்கே கட்டிலோரம் உட்கார்ந்து
"சாப்டீங்களா?" என்பார்.
அதற்கு நான் எண்ணூறு போடுவேன்.
இங்கே நிமிரவில்லை. "அடுத்து" என்றார்.
ஆனாலும் எலும்பைத் தடவிய கை
அதே கைதான்.
மறுநாள் மூன்று மணி நேரம் நின்று கம்பி வைத்தார்.
ஒரு கையெழுத்தைத் தவிர
யாரும் எதுவும் கேட்கவில்லை.
வராந்தாவில் நின்ற எனக்கு
பர்ஸை மூடுவதா திறப்பதா என்று தெரியவில்லை.

கட்டு மாற்ற வந்த சகாயராணி சிஸ்டர்,
"கையுறை தீந்துடுச்சி. வெளிய ரெண்டு ஜோடி
வாங்கிட்டு வாம்மா" என்றார்.
வாங்கி வந்தேன்.
ஒன்றை மாட்டிக்கொண்டு சீழைத் துடைத்தார்,
திட்டிக்கொண்டே துடைத்தார்:
"பீடியை விட்டாத்தான் எலும்பு ஒட்டும், கேட்டுக்க."
மிச்ச ஜோடியைத் தூக்கிக் காட்டினார்.
"அந்தக் கடைசிக் கட்டில் அம்மாவுக்கு ஆளே இல்ல.
அவங்களுக்கு வச்சுக்கறேன், சரியா?"
என்னிடம் அனுமதி கேட்டார்.
பில் போடுகிறவளிடம்.

பதினோராம் நாள் அனுப்பிவிட்டார்கள்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மொத்தம் என்ற வரியைத் தேடிப் பழகிய கண்.

இலவசம் என்று சொல்ல மாட்டேன்.
மூன்று மாதம் அவன் கால் ஊன்றக் கூடாது.
நிற்காத காலுக்குத் துறைமுகத்தில் கூலி இல்லை.
அண்ணி மீன் கூடை எடுக்கப் போகிறாள்,
பெரியவனுக்குப் பள்ளிக்கூட பஸ் நின்றுவிட்டது.
இந்தக் கணக்குக்கு
இரண்டு ஆஸ்பத்திரியிலும் கவுன்ட்டர் கிடையாது.

திங்கட்கிழமை. நீரூற்று. கண்ணாடி.
மாடியிலிருந்து தாள் வந்தது.
கையுறை, பதினாறு ஜோடி.
விரல் நின்றது.
வெள்ளைக் கட்டத்துக்குள் சின்னக் கோடு
மின்னி மின்னிக் காத்திருந்தது.
சம்பளம் ஏழாம் தேதி.
அதில் பாதி இனி அண்ணியின் அடுப்புக்கு.

ஒன்று அடித்தேன்.
ஆறு அடித்தேன்.
வரிசையில் நின்றவரை நிமிர்ந்து பார்க்காமல்
"அடுத்து" என்றேன்.