கடல்மட்டக் கணக்கு

எட்டரைக்குள் பதினோரு வண்டிகள் வந்துவிட்டன.
குன்னூர், பெட்போர்டு இறக்கத்தில் பஷீரின் பட்டறை.
ஷட்டருக்கு வெளியே பனி,
உள்ளே பெட்ரோல் வாடை, இஞ்சி டீ.

தரைக்குள் இரண்டு உருளைகள்.
பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி
நான்கு பக்கமும் பட்டை கட்டி
முழுசாய் மிதிக்க வேண்டும்.
எதிரே சுவர்தான்.
நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்திலும்
சுவரில் டயர் கம்பெனி காலண்டர்
அதே இடத்தில் தொங்குகிறது,
தேதி மட்டும் படபடக்க.

எண்பது குதிரை என்று
ஜோகி மாதன் ஊரெல்லாம் சொன்ன சிவப்பு ஜிப்சி
ஐம்பத்தெட்டில் மூச்சு வாங்கியது.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார். ஐம்பத்தெட்டு.

“ஆறாயிரம் அடி சார், காத்து கம்மி.
கடல்மட்டக் கணக்குக்கு மாத்தினா எழுபது வரும்.
மாத்தட்டுமா?”
பஷீரின் விரல் மவுஸ் மேல் காத்திருந்தது.

எல்லோரும் மாற்றிக்கொண்டோம்.
ஆளுக்கொரு சீட்டு,
சீட்டுக்கொரு கடற்கரை.

ஹெலன் சகாயம் மட்டும் வேண்டாம் என்றாள்.
கேரட் மூட்டை ஏற்றும் ஆம்னி அவளுடையது;
சேர்ப்பதா என்று நாங்கள் மூன்று கூட்டம் பேசிய வண்டி.
இருபத்திநாலு.
“எனக்குக் கோத்தகிரிக்குத்தானே போகணும்”
சீட்டின் பின்பக்கத்தில்
டீக்கணக்கு எழுதத் தொடங்கினாள்.

சாயங்காலம் ஏற்றத்தில்
கொழுந்து லாரி ஒன்று முன்னால்.
அதன் புகைக்குப் பின்னே
பதினோரு வண்டியும் இரண்டாம் கியரில்.
வளைவில் திரும்பும்போது
கண்ணாடியில் தெரிந்தார் ஜோகி மாதன்:
ஒரு கை ஸ்டியரிங்கில்,
ஒரு கை சட்டைப்பையில்,
எழுபது பத்திரமாக இருக்கிறதா என்று.