வெறும் கட்டம்

ஓலோமௌட்ஸ். ஜனவரி. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறை.
நாளைக் காலை ஒன்பதுக்குப் போட்டி.
இன்றிரவு விதி விளக்கம்,
அதாவது, புதிர் செய்தவள் எழுந்து நின்று
அடி வாங்கும் நேரம்.

கரும்பலகையில் பத்துக்குப் பத்து வரைந்தேன்.
கோடு கோணிற்று. யாரும் சிரிக்கவில்லை.

"சில கட்டங்களைக் கறுப்பாக்குங்கள். அவை சுவர்.
எண் எழுதிய கட்டத்தில் சுவர் வராது.
அந்த எண்ணில் நின்று நாலு திசையும் பார்த்தால்
சுவர் மறிக்கும்வரை எத்தனை வெறும் கட்டம் தெரியுமோ
அத்தனைதான் அந்த எண்.
சுவரும் சுவரும் தொடக் கூடாது.
மிச்சமெல்லாம் ஒரே ஊர்:
எதிலிருந்தும் எதற்கும் நடந்துபோக வழி வேண்டும்."

மூன்று மாதம் இழைத்த வாக்கியங்கள்.
சுண்ணக்கட்டியைக் கீழே வைப்பதற்குள் முதல் கை.

இஸ்மிரில் பேருந்து ஓட்டும் துன்ஜாய்:
"நிற்பவன் தன்னையும் சேர்த்து எண்ணணுமா?"
எண்ணணும்.
மூலையில் ஒரு இரண்டு நின்றால்
தான் ஒன்று, பார்ப்பது ஒன்று. அவ்வளவுதான்.
"அப்படியானால் டிரைவரும் ஒரு ஆள்" என்று
குறித்துக்கொண்டார்.

ஸ்த்ராவ்கோ, சூப்புக் கிண்ணத்திலிருந்து தலை தூக்கி:
"மூலையும் மூலையும் உரசினால் அது தொடுவதா?"
இல்லை. பக்கத்தோடு பக்கம் ஒட்டினால்தான்.
"எங்கள் தெருவில் அதற்கே வழக்கு நடக்கிறது."
நடக்கட்டும்.
இங்கே மூலை உரசல் குற்றமில்லை.

கேள்விக்குறி போட்ட கட்டம்?
அங்கேயும் எண் உண்டு. எதுவென்று சொல்லமாட்டேன்.
"பூச்சியமாக இருக்கலாமா?" ரீகாவின் பல் மருத்துவர் இல்க்வார்ஸ்.
தன்னை எண்ணுகிறதே, எப்படி?
"சரி, ஒன்று?"
ஒன்று என்றால் சுற்றிலும் சுவர். ஒற்றை அறை.
கடைசி விதி விடாது.
"இதை எழுதியிருக்கலாமே?"
விதியைத்தான் நான் எழுதுவேன்.
விதிக்குள்ளிருந்து பிடுங்குவது உங்கள் தொழில்.
பல் மருத்துவருக்கு இதைச் சொன்னதும்
அறை முழுக்கச் சிரித்தது.
அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டேன்.

ஜன்னலோரம், கோட்டுகூடக் கழற்றாத ஆவ்லிக்கி
கை தூக்காமலே கேட்டாள்:
"எண் எழுதிய கட்டம்
வெறும் கட்டமா?"

வெளியே டிராம் ஒன்று
வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பியது.

ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது.
எங்கே எழுதியிருக்கிறது?
ஏழாம் பக்கம். மேலிருந்து கீழ். கீழிருந்து மேல்.
எங்கேயும் இல்லை.
என் தலைக்குள் மட்டும் இருந்தது,
அங்கே இருந்ததால் தாளிலும் இருப்பதாக
மூன்று மாதம் படித்திருக்கிறேன்.
சுவரில்லாததெல்லாம் எனக்கு வெறுமை.
அவளுக்கு, ஏதாவது எழுதியிருந்தால் வெறுமையில்லை.
அவள் சொல்வதுதான் சரி.
துன்ஜாய் மெதுவாகத் தன் டிரைவரை அடித்துவிட்டு
என்னைப் பார்த்தார்.

"எண்கள் கண்ணாடி மாதிரி" என்றேன் கடைசியில்.
"பார்வை உள்ளே போகும். அதுவும் கணக்கில் சேரும்."
துன்ஜாய் டிரைவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்.

இரவு, அவள் படித்தபடியே போட்டுப் பார்த்தேன்.
நாலாம் வரிசையில் செத்தது புதிர்.
அப்புறம் நானும் போர்சிவோயும்
நூற்று நாற்பது பிரதி, ஆளுக்கு ஒரு பேனா,
நடுவில் கசகசா பன் ஒரு தட்டு.
'வெறும்' என்பதை அடித்து 'வெள்ளை' என்று எழுதினோம்.
தொண்ணூறாவதில் அந்தச் சொல்
சொல்லாகவே தெரியவில்லை,
ஏதோ பூச்சி நசுங்கினது மாதிரி இருந்தது.
"நீதான் நன்றாக விளக்குவாய் என்று சொன்னார்களே"
என்றான் போர்சிவோய். பதில் சொல்லவில்லை.

காலையில் இல்க்வார்ஸ் பதினொரு நிமிடத்தில் முடித்தார்.
துன்ஜாய் ஒரே ஒரு சுவரில் தவறினார்.
ஆவ்லிக்கி ஏழாம் பக்கத்தைத் தொடவே இல்லை,
நேரம் போதவில்லையாம்.
அவள் தாளைத் திருத்தும்போது
'வெறும் பக்கம்' என்று எழுதப் போனேன்.
பேனா நின்றது.

எண்கள் இருந்தன.