தண்ணிக் கழிவு

பாடக்குறிப்பேட்டில்
'ஆசிரியர் செயல்பாடு' என்றொரு கட்டம் உண்டு.
மூன்று வாரமாக அதைக் காலியாக விட்டிருக்கிறேன்.
தலைமையாசிரியை சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டுத் தேதியும் இட்டார்.

விளக்குகிறேன்.

ஆறாம் வகுப்பு. பத்தொன்பது பேர்.
தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே
பேருந்து நின்றால்தான் ஊர் என்று தெரிகிற ஊர்.
ஜன்னலைத் திறந்தால் அலையில்லாத கடல்.
மூடினால் கருவாட்டு வாசம் உள்ளேயே தங்கிவிடும்.
பாடம்: தசம எண்கள்.
புத்தகத்தில் ஒருவர் மூன்றரை மீட்டர் பட்டுத்துணி வாங்குகிறார்.
யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

அன்றைக்குச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு
"உங்களுக்கு என்ன தெரியணும்?" என்றேன்.
பயந்துபோனார்கள்.
இது புதுவகைத் தண்டனையோ என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
எட்டு நிமிடம். கடிகாரம் எனக்கு நேரெதிரில்.
பதினோரு வருடம் நான் பேசியதைவிட
அது நீளமாயிருந்தது.

பிறகு கடைசி வரிசையிலிருந்து லிஜோ:
"பத்துக் கிலோ நண்டுக்கு ஒரு கிலோ
தண்ணிக் கழிவுன்னு புடிச்சுக்கிறாங்களே டீச்சர்,
நண்டுல அவ்வளவு தண்ணியா இருக்கு?"

எல்லாரும் பிரிட்டோவைப் பார்த்தார்கள்.
கழிவைப் பிடிப்பது பிரிட்டோவின் அப்பா.

வேறு கேள்விக்குத் தாவியிருப்பேன், உண்மை.
பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர் உறுப்பினர்.
பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு போட்டவர்.
அதற்குள் பிரிட்டோ எழுந்து
"வீட்ல பழைய தராசு ஒண்ணு கெடக்கு" என்றான்.

கண்ணாடி விரிசல் விட்ட எலெக்ட்ரானிக் தராசு.
கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய பொடி நண்டு.
முதல் தடவை வாடைக்காற்று தட்டை ஆட்டியது.
இரண்டாம் தடவை ஒரு நண்டு
பீரோவுக்கு அடியில் ஓடிப்போனது,
கணக்கையும் கூட்டிக்கொண்டு.
மூன்றாம் தடவை கூடையைச் சாய்த்து வைத்து
இரண்டு மணி நேரம் முறைபோட்டுக் காவல்.

3.000
2.910

கடைசிப் பூஜ்யத்தை எழுதலாமா கூடாதா என்று
பீரியட் முழுக்கச் சண்டை.
எனக்கு விடை தெரியும்.
நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது அதுதான்,
அதற்குத் துறையில் என்ன பெயரென்று தெரியவில்லை.

பத்துக்கு முந்நூறு கிராம்.
மீதி எழுநூறு?
ஜெனிட்டா கரும்பலகையில்
தலைமையாசிரியை போட்டதைவிடப் பெரிய
கேள்விக்குறி ஒன்றைப் போட்டாள்.

திங்கட்கிழமை பிரிட்டோவின் அப்பா வந்தார்.
வாசலில் செருப்பைக் கழற்றினார்.
மாற்றல் கமுதிக்கா, கடலாடிக்கா என்று
எனக்கு மனசு பேருந்து தேடியது.
பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"கம்பெனிக்காரன் எங்கிட்ட
பத்துக்கு ஒண்ணே கால் கழிக்கிறான்"
என்றார், யாரிடமென்று இல்லாமல்.
பிரிட்டோ சாக்பீஸை எடுத்தான்.
"ஒண்ணே காலா, ஒண்ணு புள்ளி ரெண்டா?
சரியாச் சொல்லுங்கப்பா."
அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.
முழங்கால் டெஸ்கில் இடித்தது.

ஊரில் கழிவு குறைந்ததா என்று கேட்காதீர்கள்.
குறையவில்லை.
எடை போடும் நேரத்தில் பிள்ளைகள் போய் நிற்கிறார்கள்,
அவ்வளவுதான்.
மார்ச்சில் வரும் வினாத்தாளில்
பட்டுத்துணிக்காரர்தான் இருப்பார்.

இன்னொன்று.
ஜூனிலிருந்து "உள்ளேன் அம்மா" தவிர
எதுவும் பேசாத ரெமிஜியா
மணியடித்த பிறகு மேசைக்கு வந்தாள்.

"ரெண்டு மணி நேரம் சாய்ச்சு வச்சமே டீச்சர்,
நண்டுக்குத் தாகமா இருந்திருக்குமா?"

பீரோவுக்கு அடியிலிருந்து
நாற்றம் வரத் தொடங்கியிருந்தது.
நாளைக்கு ஒரு பக்கம் விட்டிருக்கிறேன்.