மூன்று ராத்திரி

வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள்.
அதனால் எம்.சி. ரோட்டில் எங்கள் கடையில்
கல்லை மூன்று ராத்திரி
வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம்.
தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும்.
கெட்டது நடந்தால் திருப்பித் தந்துவிடலாம்.
நான் பில் போடுகிறவன்,
எனக்கு இதில் அபிப்பிராயம் கிடையாது.

தேசராணி வந்தபோது மணி நாலு.
காசிமேட்டில் ஏலம் கூவித் தொண்டை கட்டியிருந்தது.
நகத்தடியில் ஒரு செதில், வஞ்சிரமாக இருக்கலாம்,
கடை விளக்கில் மின்னியது
தட்டிலிருந்த கல்லைவிடக் கொஞ்சம் அவசரமாக.

ஒற்றைக்கல் மூக்குத்திக்குப் பன்னிரண்டு சென்ட்.
“இன்னா தம்பி, இத்தினியூண்டுக்கு இத்தினி துட்டா?”
பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு,
செவுளைப் பிரித்துப் பார்க்கிறவள் மாதிரி
நெடுநேரம் பார்த்தாள்.
“உள்ள கறுப்பா ஒன்னு கீது.”
முதலாளி யாரிடமும் சொல்லாத புள்ளி.
“வெலையக் கொற.”
குறைந்தது.

பழைய சங்கிலியை ஈடாக வைத்துவிட்டு
கல்லைக் காகித மடிப்போடு
சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

முதல் ராத்திரி
எண்ணூருக்கு நேரே படகின் இஞ்சின் நின்றுபோனது.
இரண்டாம் ராத்திரி
மருமகன் குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தான்.
மூன்றாவது ராத்திரி தண்ணீர் லாரி வரவில்லை,
பேரனுக்கு நூற்றிரண்டு ஜுரம்.

நாலாம் நாள் காலை எல்லாம் சொல்லி முடித்தாள்.
நான் ஒன்றும் பேசாமல்
டிராயரைத் திறந்து சங்கிலியை எடுத்தேன்.

“அத்த உள்ள வை.
இதெல்லாம் கல்லு வர்றதுக்கு முன்னயும் நடந்ததுதான்.
அதுதான் பாவம், புதுசா பாக்குது.”

பின்பக்கம் திறந்த கட்டடமாகக் கேட்டாள்.
வெளிச்சம் உள்ளே போக வழி வேண்டுமாம்.

வைரத்தில் தண்ணீர் நிற்காது,
கொழுப்பு ஒட்டிக்கொள்ளும்.
மாதம் ஒருமுறை
மத்தியின் எண்ணெயில் மங்கிப்போன மூக்குத்தியைக்
கழற்றி என் முன்னால் வைக்கிறாள்.
சோப்புத் தண்ணீரில் போட்டு
பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.
கல் மெல்லக் கண் விழிக்கிறது,
நீலமாக ஒரு தரம்,
சிவப்பாக ஒரு தரம்.
கடைப்பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

அவள் அதில் மயங்குவதில்லை.
கண்ணாடியை வாங்கி, ஒரு கண்ணை மூடி,
உள்ளே எதையோ தேடுகிறாள்.
கறுப்புப் புள்ளி கிடைத்ததும்
முகம் தளர்கிறது.

“சரி, என்னுதுதான்.”