மூன்று நிமிடம்

சயான் ஆஸ்பத்திரி, பதினெட்டாம் நம்பர் அறை.
ஞானதிரவியம் என்று சொல்ல வராமல்
கியான் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள்
கண்ணடி கறுத்த டாக்டர் பெண்.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தாள்.
வலப்பக்கம் திரும்பு, மோவாயைத் தூக்கு,
மூச்சை இழுத்துப் பிடி.
பிடித்தேன்.
அவள் விரல்கள் எதையோ தேடின,
தாதர் கூட்டத்தில் கைவிட்ட பிள்ளையைத் தேடுகிற மாதிரி.
நாடியைக் காணோம் என்றாள் இந்தியில்.
நான் இங்கேதான் இருக்கேன் மேடம் என்றேன்.

அடுத்தது இரண்டு கையும் மேலே,
போலீஸ் நிறுத்தின மாதிரி,
முழங்கை தோளுக்கு நேராக.
மூடு, திற. மூடு, திற. மூன்று நிமிடம்.
எப்படியென்று காட்ட
எதிரே நின்று அவளும் கை தூக்கினாள்.

இருபத்திரண்டு வருஷமாக இதே நிலைதான் எனக்கு,
கையில் டிரில் இருக்கும், அவ்வளவுதான்.
பாந்த்ரா, பவாய், லோயர் பரேல்:
யாரோ படுத்துக்கொண்டு பார்ப்பதற்கு
நான் மாட்டிய கூரைகள்.
மூன்று மாதமாகத்தான்
உள்ளங்கையில் வைத்த ஸ்க்ரூ
சுண்டுவிரல் பக்கமாகத் தெரியாமல் நழுவுகிறது.
கீழே நிற்கிற ஹெல்பர் திட்டுகிறான்.

மூடு, திற.
அவள் தலைக்கு மேலே ஜிப்சம் பலகை ஒன்று
இரண்டு நூல் இறங்கியிருந்தது.
எவன் போட்டானோ, மட்டம் பார்க்கவில்லை.
ஒரு ஸ்டூல் கிடைத்தால் பத்து நிமிஷ வேலை.

ஒன்றே முக்காலில் வலது கை
என்னைக் கேட்காமல் இறங்கியது.
அவள் கை அதற்கு முன்பே இறங்கியிருந்தது.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவில்
நரம்பு நசுங்குதுன்னு சந்தேகம்.
படம் எடுக்கணும்.
கை தூக்குற வேலை வேண்டாம்.
அந்தக் கடைசி வரியை மட்டும்
தலை குனிந்தபடி சொன்னாள்.

ராத்திரி ஆன்டாப் ஹில்லில்
மெர்சிபாயின் மணிக்கட்டைப் பிடித்தேன்.
என்ன திடீர்னு?
அந்தப் பக்கம் திரும்பு, மூச்சைப் பிடி.
துடித்துக்கொண்டே இருந்தது.
அப்புறம் இல்லை.
அவளுக்கு ஒரு வலியும் கிடையாது,
ஒரு நாளும் சொன்னதில்லை.
இன்னும் அழுத்திப் பார்த்தேன்.

முடிஞ்சுதா, குக்கர் ஆறுதுல்ல
என்று கையை உருவிக்கொண்டு போனாள்.
என் விரல்களில் அவள் பிசைந்த மாவு.
நாளைக்கு எந்த சைட்டு? என்றாள் உள்ளிருந்து.
பவாய், பதினோராம் மாடி என்றேன்.