நாற்பத்தேழாவது மீற்றர்

இரவு இரண்டு நாற்பதுக்கு
வரைபில் ஒரு பல் முளைக்கிறது.
நாலே நிமிடம்.
பிறகு பால்பல் போல விழுந்துவிடுகிறது.

ரத்மலானையில்,
ரயில் பாதைக்கும் உப்புக் காற்றுக்கும் நடுவே
எங்கள் பெக்டரி.
மின்சுற்றுப் பலகைகள் செய்கிறோம்.
வடக்குப் பார்த்த கூரைக் கண்ணாடி
பகலில் ஒரு லைற்றையும் போட விடாது.
சுவர்கள் இரட்டை. இடையில் காற்று
சும்மா நின்றே சம்பளம் வாங்குகிறது.
பெய்கிற மழையைக் கூரை குடித்து
நிலத்தடித் தொட்டிக்கு இறக்கும்.
மே மாதத்தில் தொட்டி வழிந்து
காலி வீதி வெள்ளத்தோடு போய்ச் சேரும்;
அதைப் பற்றி
வரவேற்பறைப் பதக்கத்தில் ஒன்றும் பொறிக்கவில்லை.

என் வேலை, இந்தக் கட்டடத்தின் மூச்சை எண்ணுவது.
அறுபத்திரண்டு மீற்றர்கள்,
பத்துச் செக்கனுக்கு ஒரு தடவை.
தூசற்ற அறையின் குளிரூட்டிதான் பெரிய பசிக்காரன்:
கொழும்பின் ஈரத்தைப் பிழிந்து பிழிந்து
வெளியே ஊற்றவே பாதிக் கரண்ட்.
கொம்பிரசர் குழாயில் ஊசிமுனை ஓட்டை ஒன்று
மூன்று வருடம் சீறிக்கொண்டிருந்தது.
அடைத்த மாதம் கைதட்டினார்கள்,
கேக் வெட்டினார்கள்,
என் பெயரைப் பிழையாக எழுதிய கேக்.

நாற்பத்தேழு மட்டும் பிடிபடவில்லை.
தணிக்கைக்கு வந்த விக்னராஜா
அந்த வரியில் பேனையை வைத்து எடுக்கவேயில்லை.
'அறியப்படாத சுமை' என்றார்.
'அடுத்த தடவை இது பூச்சியமாக இருக்கவேணும்.'

ஒரு புதன்கிழமை வீட்டுக்குப் போகாமல் நின்றேன்.
கம்பி போன வழியே போனேன்.
நீர்ப்பம்பி அறைக் கதவிடுக்கில் வெளிச்சம்.
உள்ளே ஷிரோமி, நஸ்ரினா, இன்னும் நாலு பேர்,
முகமூடி அழுத்திய கோடுகள் கன்னத்தில்.
தொட்டி மூடியில் கேத்தல்,
கவிழ்த்த வாளியில் சீனிப் போத்தல்.
ஷிரோமி தன் கோப்பையை
முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.
'கன்ரீன் பத்து மணிக்குத் தானா அணைஞ்சிடும், மிஸ்'
என்றாள் நஸ்ரினா.

தானாக இல்லை.
அந்தக் கட்டளையை எழுதியது நான்.
போன ஆண்டறிக்கையின் ஏழாம் பக்கத்தில்
அது ஒரு பச்சை அம்புக்குறி.

திரும்பி வந்து கணக்குப் பார்த்தேன்:
ஆறு கோப்பை, ஒரு அலகில் எட்டிலொரு பங்கு.
கன்ரீனை இரண்டரைக்கு விழிக்கச் சொல்லி
கட்டளையை மாற்றினேன்.
விளக்கு, விசிறி, குளிர்பெட்டி எல்லாம் விழித்தன.
ஒருவரும் போகவில்லை.
அங்கே கமரா இருக்கிறது.
பம்பி அறையில் மழை கேட்கிறது.
ஒரு வாரம் பார்த்துவிட்டுக்
கன்ரீனை மறுபடி தூங்கப் போட்டேன்.

விக்னராஜாவின் படிவத்தில்
'அறியப்படாத' என்பதை மட்டும் அழித்தேன்.
சுமையை விட்டுவிட்டேன்.
என்ன சுமை என்று அவர் கேட்கக்கூடும்.
பதில் இன்னும் யோசிக்கவில்லை.

நேற்றைய வரைபைப் பெரிதாக்கிப் பாருங்கள்:
பல் கொஞ்சம் அகன்றிருக்கிறது,
நாலு நிமிடமும் நாற்பது செக்கனும்.
ஒரு கோப்பைத் தண்ணீர் கூடுதலாகக் கொதிக்க
அவ்வளவு நேரம் பிடிக்கும்.
எனக்குச் சீனி வேண்டாம் என்று சொல்ல மறந்துபோனேன்.