உள் லைற்

கல்லடிப் பாலத்தில் ஏறும்போதே
டீசல் காசில் சண்டை தொடங்கிற்று.
போன முறை றெஜி தராத அறுநூறு ரூபாய்
காத்தான்குடிப் பேரீச்சைகளைத் தாண்டியும் தீரவில்லை.

ஹிஸாமின் டொல்பின் வேனுக்கு
மூன்றாம் கியர் விழாது.
இரண்டிலிருந்து நாலுக்குத் தாவும்,
ஒரு வகுப்பைப் படிக்காமலே பாஸான பிள்ளைபோல.

பின் சீற்றில் ஜன்னலோரம் வதனி.
மடியில் வெள்ளரிப்பழம், ஒரு சரை சீனி.
கைப்பைக்குள்
செவ்வாய்க்கிழமை கோட்டில் கொடுத்த கடதாசி
நாலாய் மடித்து.
அதைப் பற்றிக் கதைப்பதில்லை என்று
கதைக்காமலே முடிவெடுத்திருந்தோம்.

கல்லாற்றில் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி.
நடுவால் ரோட்டு,
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்கு
நடுவில் ஓடும் ஒழுங்கைபோல.
அக்கரைப்பற்றில் இறைச்சி ரொட்டி.
நாலு என்றான் கிருபை,
ஐந்து என்றார் கடைக்காரர்,
ஐந்துதான்.
திருக்கோவில் தாண்ட வீடுகள் விலகி
காற்றுக்கு இடம் கிடைத்தது.

பொத்துவில் சந்தியில் எல்லா வாகனமும்
அறுகம்பைக்குப் போனது.
"கடல் வேணாம்கா,"
அன்றைக்கு வதனி பேசிய முதல் வார்த்தை.
"கடலை நான் தினமும் பார்க்கிறன்."
"அப்ப வலக்கைப் பக்கம் கிறுக்குடா" என்றான் றெஜி.
பழைய கோயில் ஏதோ இருக்கு,
போர்ட் பார்த்திருக்கிறானாம்.

காட்டுக்குள் கருங்கல் படிகள்.
சந்திரவட்டக் கல்லில் யானைகள்
ஒன்றின் வாலை ஒன்று பார்த்தபடி,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குட்டிப் பாகன்.
காவலாளி பாதித் தமிழில் தொடங்கினார்:
"மகுல் எண்டா கலியாணம்.
கடல்ல வந்த ராணி, தெக்கால வந்த ராஜா.
இந்தக் கல்லுலதான்."

ஹிஸாம் மரத்தைப் பார்த்தான்.
கிருபை வானத்தை.
றெஜி, கழற்றி வைத்த செருப்புகளை எண்ணினான்,
பத்துக் காலுக்குப் பத்துச் செருப்பு,
மறுகாவும் எண்ணினான்.

வதனி கேட்டாள்: "ஏறலாமா?"
தலையாட்டினார்.
வெறுங்காலோடு ஏறி நடுவில் நின்றாள்.
"சுடுது," என்றாள்.
மேலே பார்த்து, "கூரை எங்க?"
"அது மரம். போயிட்டு."
கொஞ்சநேரம் தூண்களைப் பார்த்தாள்.
"எனக்குப் பதினொரு வருசம்,
இதுக்கு எத்தினை?"
அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து
"ரெண்டாயிரம்" என்றார்.

முதலில் அவள்தான் சிரித்தாள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லில் குந்தி,
வெள்ளரிப்பழம் தின்ற வாயைத் துடைத்துத் துடைத்து.
எங்களுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
சிரித்துவிட்டோம்.
எதற்கென்று தெரியாமல் காவலாளியும் சிரித்தார்,
எங்கள் எல்லாரையும்விடக் கூட.

பின்நேரம் லகுகலைக் குளத்தில் யானைகள்.
முதுகில் ஒருவரும் இல்லை.
ஒன்று ரோட்டில் ஏறி நின்றுகொண்டது.
ஹிஸாம் எஞ்சினை நிறுத்தினான்.
இருபத்தைந்து நிமிசம்
ஐந்து பேரும் மூச்சை அளந்து விட்டோம்.
அதற்குள் றெஜி, சத்தமில்லாமல்,
அறுநூறு ரூபாயை எண்ணி முன்சீற்றுக்கு நீட்டினான்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
கோமாரி தாண்டி ஒரு வளைவு.
ஹிஸாமின் கை தானாகப் போய்
முன் லைற்றைக் குறைத்தது,
உள் லைற்றைப் போட்டது.
வேன் ஊர்ந்தது.
என் விரல்கள் பைக்குள் அடையாள அட்டையைத் தொட்டிருந்தன.
வெளியே மண்மூடை இல்லை, தகரப்பீப்பா இல்லை,
கையைக் காட்ட ஒருவரும் இல்லை.
படுத்துக்கிடந்த ஒரு மாடு
எங்களைப் பார்த்து அசைபோட்டது.

அந்த மஞ்சள் வெளிச்சத்தில்
பின்னால் திரும்பிப் பார்த்தோம்.
வதனி நித்திரை.
வாய் திறந்து, கண்ணாடியில் கன்னம் நசிந்து,
நாடியில் ஒரு வெள்ளரி விதை.
பக்கத்துச் சீற்றில் லகுகலையில் வாங்கிய தயிர்ச்சட்டி.
உருளாமல் இருக்க அடியில்
அந்தக் கடதாசி,
முறுக்கி, வளைத்து, சும்மாடாய்.

வளைவு முடிந்து கனநேரம்
லைற் எரிந்தது.
பிறகு ஹிஸாம் அணைத்தான்.
இரண்டிலிருந்து
நாலு.